கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் நடுவே

எங்கள் ரயில் நிலையத்தை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

இரவு கடைசி மின்சார ரயில் போனதும் முகப்புக் கூடத்தைக் காலி செய்து, இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, விடியற்காலை முதல் வண்டிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் திறப்பது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். கூடத்தில் கிடந்த நீள பெஞ்சுகள் போய்விட்டன. மிச்சமிருக்கும் இருக்கைகளில் யாரும் சாய்ந்துவிடக் கூடாது என்று ஆளுக்கு ஆள் நடுவே கம்பி வைத்திருக்கிறீர்கள். கழிப்பறைக்கு இரவு பத்து மணிக்கே பூட்டு. காரணம் கேட்டால் தூய்மை, பாதுகாப்பு என்கிறீர்கள். ஒட்டியிருக்கும் அறிவிப்பில் இன்னொரு காரணமும் இருக்கிறது: ‘பயணிகள் அல்லாதோரின் நடமாட்டத்தைத் தவிர்க்க’. இந்த முடிவை என்னால் வாய்மூடி ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நிலையத்தின் பெயரைப் பொதுவில் எழுதாமல் விடுகிறேன். எழுதினால் நடவடிக்கை, கதவைப் பூட்டச் சொன்னவர்களை விட்டுவிட்டு, பூட்டுகிற காவலர் தலையிலும் மாப் பிடிக்கிற அம்மா தலையிலும்தான் விடியும். உங்களுக்கு எந்த நிலையம் என்று தெரியும்.

நான் ஒரு நாளிதழில் பிழை திருத்துகிறவன். கடைசிப் பதிப்பின் பக்கங்கள் அச்சுக்குப் போக இரவு ஒரு மணி தாண்டிவிடும். சென்னையில் மின்சார ரயில் நள்ளிரவு வாக்கில் ஓய்ந்து, அதிகாலை நான்கு மணி வாக்கில்தான் மறுபடி ஓடத் தொடங்குகிறது. எனக்கு வீடு செங்கல்பட்டுப் பக்கம். ஆட்டோ பிடித்தால் அன்றைய சம்பளம் ஆட்டோக்காரருக்குத்தான். ஆகவே பல வருடங்களாக என் இரவின் கடைசிப் பகுதி உங்கள் கூடத்தில் கழிந்துவந்தது. அங்கே உட்கார்ந்து யார் யார் வருகிறார்கள், எந்த நேரத்துக்கு வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். பகலில் ஆய்வுக்கு வருகிற உங்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

முகூர்த்த நாட்களில் பன்னிரண்டரைக்குமேல் கேட்டரிங் பிள்ளைகள் வருவார்கள். கல்லூரியில் படிக்கிற வயது. கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, சட்டைக் கையில் சாம்பார்க் கறை. வரவேற்பில் கடைசிப் பந்தி எழுந்து, பாத்திரம் எண்ணி ஒப்படைத்தால்தான் கூலி கைக்கு வரும். அதற்குள் கடைசி வண்டி போயிருக்கும். காலை டிபனுக்குத் திரும்ப மண்டபத்தில் நிற்க வேண்டியவர்களும் அதில் உண்டு. மண்டபத்தில் அவர்களைப் படுக்க விடமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கே அறை பற்றாது.

அப்புறம், வடக்கிலிருந்து தாமதமாக வந்த வண்டிகளில் இறங்கியவர்கள். ஒடிசா, பீகார், அசாம். தோளில் ஒரு பை, கையில் மூடி போட்ட பெயிண்ட் வாளி. அந்த வாளிக்குள்தான் துணிமணி, தட்டு, டம்ளர், ஊரிலிருந்து கொண்டுவந்த அவல் எல்லாம். கூட்டத்தில் ஒருவரிடம் மட்டும் மேஸ்திரியின் போன் நம்பர் இருக்கும், மேஸ்திரி தூங்கியிருப்பார். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஒரகடத்துக்குப் போக வேண்டும் என்பதை ‘சிங்கபெருமால்’ என்று காகிதத்தில் யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். மாலையில் வந்து சேர வேண்டிய வண்டி இரவு ஒன்றரைக்கு வந்தால் அந்தத் தாமதம் ரயில்வேயுடையது. அதன் மிச்சத்தை மட்டும் அவர்கள் உங்கள் கதவுக்கு வெளியே, நடைபாதையில், வாளியைக் கட்டிக்கொண்டு கழிக்க வேண்டும் என்பது என்ன கணக்கு? போன வாரம் அப்படி ஒரு கூட்டம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தது. ரோந்து போலீஸ் வந்து எழுப்பி, ஆதார் கேட்டு, ஒவ்வொருவரையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனது. நிலையத்துக்குள் இருந்திருந்தால் அவர்கள் பயணிகள். வெளியே தள்ளியதும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிட்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் உண்டு. நோயாளியோடு ஒருவர்தான் தங்கலாம் என்பது வார்டு விதி. கூட வந்த மற்றவர் எங்கே போவார்? திருத்தணி, அரக்கோணம் பக்கமிருந்து வந்த அப்பா, கையில் எக்ஸ்ரே உறையோடு கூடத்தின் தூணில் சாய்ந்து விழித்திருப்பார். ஊருக்குப் போய்ப் பணம் புரட்டிக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும். அவருக்கு முதல் வண்டியை விட்டால் அந்த நாளே போச்சு.

இவர்களில் நான் அதிகம் பேசியது பூக்கார அக்காவிடம். பெயர் வேண்டாம். ராத்திரியோடு கோயம்பேட்டில் உதிரிப்பூ வாங்கி, ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு வந்து இறங்கும்போது இரண்டரை ஆகியிருக்கும். நீங்கள் எடுத்துப்போன அந்த பெஞ்சில், விளக்குக்கு நேர் கீழே, ஈரச் சாக்கை விரித்துப் பூவைக் கொட்டுவார். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கால் கட்டைவிரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு கட்ட ஆரம்பித்தால் கை பாட்டுக்குக் கை ஓடும், பேச்சு பாட்டுக்குப் பேச்சு. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. முதல் வண்டி வருவதற்குள் ஏழெட்டு முழம் சுருட்டி வைத்துவிடுவார். இறங்குகிற ஊரில் ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் உட்கார்ந்தால் விசுவரூப தரிசனத்துக்குப் போகிறவர்கள்தான் போணி. வேலைக்குப் போகிற பெண்கள் ஆறரைக்குள் வந்து போய்விடுவார்கள். ஏழு மணிக்கு மேல் கட்டி வைத்த பூவை வாங்க ஆள் குறைவு. வெயில் ஏற ஏற விலை இறங்கும். இப்போது அவர் வெளியே சுரங்கப்பாதைப் படிக்கட்டில் உட்காருகிறார். அங்கே விளக்கு எரியவில்லை. இருட்டில் மல்லிக்கும் காய்ந்த காம்புக்கும் வித்தியாசம் தெரியாது என்று மூட்டையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார். ஊர் போய்க் கட்ட ஆரம்பித்தால், கட்டி முடிக்கும்போது நல்ல வியாபாரம் போய்விடுகிறது. அறிவிப்பின்படி இவர் பயணியா, பயணி அல்லாதவரா? சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார், என்னைப் போலவே.

என்னைப் போலவே என்று சும்மா சொல்லவில்லை. கதவு பூட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு நாள் நானும் அவரும் முன்னும் பின்னுமாக வாசலுக்குப் போனோம். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கியது எனக்கு. காவலர் அட்டையைப் பார்த்தார், சீசன் டிக்கெட்டைக் கேட்கவே இல்லை, “உள்ள போங்க சார், ஓரமா உக்காருங்க” என்று பக்கக் கதவைத் திறந்துவிட்டார். பின்னாலேயே வந்த அக்கா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, அதற்குள் பாலித்தீனில் சுற்றி வைத்திருந்த சீசன் டிக்கெட்டை நீட்டினார். “வண்டி நேரத்துக்கு வாம்மா” என்று காவலர் கதவைச் சாத்தினார். நான் சொல்லிப் பார்த்தேன். “மூட்டை இருக்கு சார், குப்பையாகும், மேல கேட்பாங்க” என்றார். அந்தக் காவலர் கெட்டவர் இல்லை. யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று உங்கள் உத்தரவு தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் யாரைத் தடுத்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அன்றைக்கு உள்ளே போகவில்லை.

டிக்கெட் உள்ளவர்களைத் தடுக்கச் சொல்லவில்லையே என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். சரி, டிக்கெட் எங்கே வாங்குவது? கடைசி வண்டி போனதும் கவுன்டர் மூடிவிடுகிறது. முதல் வண்டிக்குச் சற்று முன்னால்தான் திறக்கிறது. இயந்திரம் இருக்கிறது, பாதி நாள் திரை இருட்டாக இருக்கிறது, எரிகிற நாளில் அதற்குத் தனி அட்டையோ போனில் பணமோ வேண்டும். பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய், செல்லுபடி இரண்டு மணி நேரம். அதை விற்பதும் அதே மூடிய கவுன்டர். ஆக, இரவு ஒரு மணிக்கு வருகிற மனிதர் காசு கொடுத்துச் சட்டப்படி உள்ளே இருக்க ஆசைப்பட்டாலும் அதற்கு வழி கிடையாது. வழியை நீங்களே அடைத்துவிட்டு, வந்தவரை 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அத்துமீறி நுழைந்தவராக நிறுத்துகிறீர்கள்.

காத்திருப்பதையே நீங்கள் தப்பாக நினைப்பதாகத் தெரியவில்லை. பெரிய நிலையங்களில் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் குளிர்சாதன அறையில் சோபாவில் காத்திருக்கலாம். காலை நீட்டலாம், கண்ணை மூடலாம், யாரும் லத்தியால் பெஞ்சைத் தட்ட மாட்டார்கள். அம்ரித் பாரத் திட்டத்தில் 2023 ஆகஸ்ட் 6 அன்று ஒரே நாளில் 508 நிலையங்களின் மறுசீரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தத் திட்டத்தின் விளக்கங்களில் உயர்தர ஓய்வறையும் கடைகளும் வருகின்றன. வரட்டும். இங்கே 2025 ஏப்ரலில் சென்னைக் கடற்கரை - செங்கல்பட்டுத் தடத்தில் ஏ.சி. மின்சார ரயிலும் வந்தது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். வெயில் காலத்தில் நானே இரண்டொரு முறை ஏறியிருக்கிறேன். என் வருத்தம் அதில் இல்லை. ஐந்து ரூபாய் டிக்கெட்காரரும் அதே நிலையத்தின் பயணிதான். அவருக்குக் கேட்பது ஒரு பெஞ்ச், ஒரு விளக்கு, ஒரு குழாய். ஏற்கெனவே இருந்ததைத்தான் கேட்கிறோம். புதிதாக எதையும் கேட்கவில்லை.

நிலையம் என்பது வண்டி ஏற மட்டும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், பீகாரின் சசாராம் நிலையத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஊரில் கரண்ட் அடிக்கடி போய்விடும் என்பதால் பிளாட்பார விளக்கடியில் பையன்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்தார்கள். அவர்கள் எழுதியவற்றில் ரயில்வே தேர்வும் ஒன்று.

தூய்மை விஷயத்துக்கு வருகிறேன். கூடத்தில் எச்சில் துப்புகிறார்கள், சாப்பிட்ட பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், மறுக்கவில்லை. குடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் மாலை ஆறு மணிக் கூட்டத்திலும் நடக்கிறது, அதற்காக ஆறு மணிக்கு யாரும் நிலையத்தைப் பூட்டுவதில்லை. இரவுப் பணியில் இருக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் கேட்டேன், ஆள் இல்லாததால் வேலை சுலபமாகிவிட்டதா என்று. “என்னத்த சுலபம். முன்னெல்லாம் பிளாட்பாரம் கோடி வரைக்கும் தனியாப் போவேன், இங்க நாலு பேர் உக்காந்திருக்காங்கங்கற தைரியம். இப்போ நாயும் எலியும்தான். பாத்ரூம் பக்கம் போகவே பயமா இருக்கு” என்றார். கழிப்பறையைப் பூட்டியதால் சுரங்கப்பாதையின் மூலை என்ன ஆகியிருக்கிறது என்பதை நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நடந்து பார்க்கலாம். அதைக் கழுவுகிறவரும் அதே அம்மாதான். ஒப்பந்தத்தில் சுரங்கப்பாதை சேருமா என்று அவருக்கே தெரியவில்லை.

பாதுகாப்பை நான் லேசாகப் பேச மாட்டேன். 2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் நிலையத்தில் பிளாட்பாரத்திலேயே ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே அப்போது கண்காணிப்பு கேமரா இல்லை. காலை நேரம், சுற்றிலும் ஆட்கள். கூட்டம் இருந்தால் போதும், ஆபத்தில்லை என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. கேமரா வேண்டும், காவலர் வேண்டும், பெண் காவலர் கட்டாயம் வேண்டும். ஆனால் பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கும் கேமரா யாரைக் காக்கிறது? பெண்கள் இப்போது வெளியே நிற்கிறார்கள். சாலை ரயில்வேக்குச் சொந்தம் இல்லை, எனவே அங்கே நடப்பது உங்கள் கணக்கில் வராது. உங்கள் பதிவேட்டில் குற்றம் குறையும். போன மாதம் சுரங்கப்பாதையில் கேட்டரிங் பெண் ஒருத்தியின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். அன்றைய கூலியும் போனும் அதில் இருந்தன. ரயில்வே உதவி எண்ணான 139-ஐ அழைத்துப் பார்க்கவும் அவளிடம் போன் இல்லை. கூடத்துக்குள் இருந்தவரை அவளுக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை.

வீடில்லாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘பயணிகள் அல்லாதோர்’ என்று நீங்கள் எழுதும்போது மனதில் இருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களைத் தள்ளிவிட்டு, ‘நாங்கள் உழைப்பாளிகள், எங்களை மட்டும் உள்ளே விடுங்கள்’ என்று கேட்க எனக்குச் சம்மதமில்லை. கூடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கால் ஒன்று சரியாக வராது. ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டைம்பீஸ் வைத்திருப்பார். இரவில் அவருக்குத் தூக்கம் வராது, அதையே ஒரு தொண்டாக மாற்றிக்கொண்டார். “மூணே முக்காலுக்கு எழுப்பிவிடுங்க தாத்தா” என்று சொல்லிவிட்டு எத்தனையோ பேர் நிம்மதியாகக் கண்ணசந்திருக்கிறார்கள். யார் எந்த வண்டி, யாரை எழுப்ப வேண்டும், யாரை எழுப்பினால் திட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எழுந்தவர்கள் ஒரு டீ வாங்கித் தருவார்கள். கதவு பூட்டிய பிறகு இரண்டு நாள் வெளியே தென்பட்டார், அதற்கப்புறம் காணவில்லை. மாநகராட்சிக் காப்பகத்தில் சேர்த்திருப்பார்கள் என்று காவலர் சொன்னார். எந்தக் காப்பகம் என்று கேட்டால் தெரியாது என்கிறார்.

காப்பகங்களுக்கு நான் எதிரி இல்லை. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுவதும், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்டு, கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது ஒரு வேலை. கதவைச் சாத்துவது வேறு வேலை. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ல் அதே நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான வழியும் அடங்கும் என்றது. யாரையுமே அகற்றக் கூடாது என்று அது சொல்லிவிடவில்லை. அகற்றுமுன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? இந்த உத்தரவுக்கு முன்னால் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரிடமாவது “உனக்கு எந்த வண்டி?” என்று கேட்ட அதிகாரி உண்டா?

பகலில் நடப்பதும் இதோடு சேர்ந்ததுதான். மின்சார ரயிலில் பார்வையற்றவர்கள் கைக்குட்டை, பேனா, ஆதார் கார்டு உறை விற்பதை இந்த நகரத்தில் பார்க்காதவர் இல்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பெட்டி பெட்டியாக, வண்டி நிற்கும் நேரத்தைக் காலால் எண்ணி இறங்கி ஏறுவார்கள். கூட்டம் இருந்தால் நடக்க முடியாது, காலியாக இருந்தால் விற்காது. காலைக் கூட்டம் வடிந்து பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் அவர்களுக்கு நேரம். ஆய்வு என்று வந்தால் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள், பிடித்துக்கொண்டுபோய் மாலை வரை உட்கார வைக்கிறார்கள். அபராதத்தைவிட, போன அந்த நான்கு மணி நேரம்தான் அவர்களுக்குப் பெரிய நஷ்டம். நாடாளுமன்றம் 2014-ல் தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவந்தது. ரயில்வேயின் நிலத்துக்கும் வளாகத்துக்கும் ரயில்களுக்கும் அது பொருந்தாது என்று அதன் முதல் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். நிலையத்துக்கு வெளியே பத்தடி தள்ளி விற்றால் பாதுகாக்கப்பட வேண்டிய வியாபாரி, பத்தடி உள்ளே வந்தால் ரயில்வே சட்டத்தின் 144-வது பிரிவில் குற்றவாளி. சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆய்வை எந்த நேரத்தில், யாரிடம், எப்படி நடத்துவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வண்டிகளைக் குறைத்து ஓட்டுகிறீர்கள், அலுவலகம் விடுமுறை என்று. மீன் விற்கிற பெண்களுக்கு வாரத்தில் பெரிய நாளே ஞாயிறுதான். காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்து, கூடையோடு வெண்டர் பெட்டியில் ஏறி, ஊர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்ச் சேர வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஓட்டல்காரர்களுக்கும் ஞாயிறு இரட்டை வேலை. கடற்கரை - சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் நான்காவது தண்டவாளம் போடுவதற்காக நிறுத்தியபோது ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி ஓடியது. கார் வைத்திருப்பவர் அந்த வருடத்தைச் சமாளித்துக்கொண்டார். கடற்கரைப் பக்கம் வேலைக்கு வருகிற பெண்கள் இரண்டு பஸ் மாறினார்கள். யாருடைய நேரம் போனால் கணக்கில் வராது என்பது அட்டவணை போடுகிறவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

இனி நான் கேட்பவை.

இரவுக் கூடத்தைப் பூட்டும் உத்தரவை உடனே திரும்பப் பெறுங்கள். கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் நடுவே முகப்புக் கூடம் திறந்திருக்கட்டும், விளக்கு எரியட்டும், மின்விசிறி ஓடட்டும். பிளாட்பாரத்துக்குப் போகும் வழியை வேண்டுமானால் அந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளப் பராமரிப்பு நடக்கும் நேரம் அது என்பது புரிகிறது.

எடுத்துப்போன நீள பெஞ்சுகளைத் திரும்பப் போடுங்கள். கம்பிகளை அறுத்தெடுங்கள். கர்ப்பிணிகளும் டயாலிசிஸ் முடித்துவிட்டு வருகிறவர்களும் உட்காருகிற இருக்கை அது.

ஒரு கவுன்டரையாவது இரவு முழுவதும் திறந்து வையுங்கள். ஆள் இல்லை என்றால், முதல் வண்டிக்கு எடுக்கும் டிக்கெட்டைக் கடைசி வண்டி நேரத்திலேயே வழங்கவும், அதை வைத்துக்கொண்டு கூடத்தில் இருக்கவும் உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டு எழுத்தில் அனுமதி கொடுங்கள். சீசன் டிக்கெட் வைத்திருப்பவரை, அவர் கையில் மூட்டை இருந்தாலும் கூடை இருந்தாலும், வாசலில் தடுக்கக் கூடாது என்று காவலர்களுக்குத் தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கொடுங்கள். வாய்மொழி உத்தரவு வேண்டாம்.

கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் இரவில் திறந்து வையுங்கள். பெண் காவலர் ஒருவரைக் கூடத்தில் அமர்த்துங்கள். சுரங்கப்பாதை விளக்கு உங்களுடையதா மாநகராட்சியுடையதா என்ற தகராறு எவ்வளவு நாளாக நடக்கிறதோ தெரியவில்லை, யாராவது ஒருவர் பல்பு மாட்டுங்கள். இரவுத் தூய்மைப் பணியாளர்களை இருவராகச் சேர்த்து அனுப்பச் சொல்லி ஒப்பந்ததாரருக்கு எழுதுங்கள்.

வீடில்லாதவர்களை அகற்றும்போது மாநகராட்சிக் காப்பகப் பணியாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். யாரை, எந்தத் தேதியில், எந்தக் காப்பகத்தில் சேர்த்தீர்கள் என்று பதிவேடு வையுங்கள். டைம்பீஸ் வைத்திருந்த பெரியவர் எங்கே என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். அவரைத் தேடி இன்றும் நாலு பேர் என்னிடம் கேட்கிறார்கள்.

பார்வையற்ற விற்பனையாளர்களைப் பிடித்துவைக்கும் நடவடிக்கையை நிறுத்திவிட்டு, அவர்களுக்கு உரிமம் தர என்ன வழி இருக்கிறது என்று அவர்களையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுங்கள். ஞாயிறு அட்டவணையில் காலை ஆறு மணிக்கு முந்தைய வண்டிகளை மட்டுமாவது வாரநாட்களைப் போலவே ஓட்டுங்கள்.

பயணிகள் ஆலோசனைக் கூட்டம் என்று நீங்கள் நடத்துவது காலை பதினோரு மணிக்கு. அடுத்ததை இரவு இரண்டரை மணிக்கு அந்தக் கூடத்திலேயே வையுங்கள். நாங்கள் எல்லோரும் அப்போது அங்கேதான் இருப்போம். தேதியை ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நிலையத்தின் சீசன் டிக்கெட் பயணி ஒருவன்